குழி தோண்டும் கருவி: தேர்ந்து வாங்குவோம்

1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் நம் நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை அமைத்தார். அந்நாளில் கன்று நடும் குழிக்கு மண்வெட்டியும் மனிதர் தோளுமே துணை. இன்றோ டிராக்டரின் பின்புறம் பூட்டப்படும் திருகுத் துளைப்பான் ஒரு குழியை ஓரிரு நிமிடத்தில் தோண்டிவிடுகிறது. மறுநடவு செய்வோரும் வேலிக்கால் நடுவோரும் இதனை விரும்புவது இயல்பே. ஆயினும் பொருந்தாத கருவி பணத்தை விழுங்கும். காப்பு இல்லாத கருவி கையையும் உயிரையும் பறிக்கும். ஆகவே, இதனை வாங்கும் முன்னும் வாடகைக்கு எடுக்கும் முன்னும் நாம் அறிய வேண்டியவற்றைக் காண்போம்.

குழியின் அளவு

முதலில் எதற்காகக் குழி என்பதை முடிவு செய்தல் வேண்டும். வேலிக்காலுக்கு 6 முதல் 9 அங்குல அகலமுள்ள திருகு போதும். ரப்பர்க் கன்றுக்கு ஏறக்குறைய 45 சென்டிமீட்டர், அதாவது 18 அங்குல அகலமும் அதே அளவு ஆழமும் தேவை. திருகு பெரிதானால் டிராக்டரின் வலிமையும் மிகுதியாக வேண்டும். இரு வேலைகளும் உள்ளவர்கள் திருகுகளை மாற்றிப் பூட்டக்கூடிய கருவியைத் தேர்தல் நன்று.

மண்ணின் தன்மை

மண்ணியலார் ஒருவகை மண்ணுக்கு ‘மலாக்கா’ என்றே பெயரிட்டுள்ளனர். துருநிறச் சரளைக் கற்கள் செறிந்த மண் அது. இத்தகைய மண்ணில் சாதாரணப் பற்கள் விரைவில் தேயும். ஆகவே கழற்றி மாற்றத்தக்க, கடின உலோகப் பற்கள் உள்ளதா, அவை அருகிலுள்ள கடையில் கிடைக்குமா என விசாரித்தல் வேண்டும்.

ஈரமான களிமண்ணில் வேறொரு குறை உண்டு. சுழலும் திருகு குழியின் சுவரை மெழுகியதுபோல் வழவழப்பாக்கிவிடும். அச்சுவரை இளவேர் எளிதில் ஊடுருவாது, நீரும் வடியாது. மண் சற்று உலர்ந்த பின் தோண்டி, நடுவதற்கு முன் சுவரை மண்வெட்டியால் கீறிவிட வேண்டும்.

டிராக்டரின் பொருத்தம்

டிராக்டரின் மும்முனை இணைப்பு கருவியின் ஆணிகளுக்குப் பொருந்த வேண்டும். திருகின் முனை தரையிலும் அடிக்கட்டையிலும் இடியாத அளவுக்கு உயர வேண்டும். செங்குத்தான சரிவில் டிராக்டர் கவிழக்கூடும். அங்கே மண்வெட்டியே மேல்.

திருகு, பழைய வேரிலோ பாறையிலோ சிக்கினால் முறிவதற்கென்றே ஒரு போல்ட் அமைந்துள்ளது. அது முறிவதால் பல்சக்கரப் பெட்டி பிழைக்கிறது. அடிக்கடி முறிகிறதே என்று கடினமான போல்ட்டை மாட்டினால், சில வெள்ளி போல்ட்டுக்காகப் பெட்டியையே இழப்போம். போல்ட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருத்தலும் ஆகாது. அது உடையைப் பற்றி இழுக்கும்.

உயிர் காக்கும் உறை

இவற்றினும் முதன்மையானது ஒன்று. டிராக்டரிலிருந்து விசையைக் கொண்டுவரும் தண்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 540 முறை சுழல்கிறது. அதாவது ஒரு நொடிக்கு 9 சுற்று. சட்டைக் கையோ துண்டோ சிக்கினால், கையை இழுத்துக்கொள்ள நேரமே இராது. தண்டின் மேலுறை இல்லாத, அல்லது உடைந்த கருவியை, விலை எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது.

வேலையின்போது துணையாள் விலகி நிற்க வேண்டும். மண்ணில் இறங்க மறுக்கும் கருவியின் மேல் ஏறி நின்று அழுத்துதல் பெரும் தவறு. சிறிது சிறிதாகத் தோண்டி, திருகை உயர்த்தி மண்ணை உதிர்த்துத் தொடர வேண்டும். திருகு சிக்கிக்கொண்டால், எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பின்னரே அருகில் சென்று, பெரிய ஸ்பேனரால் எதிர்ப்புறமாகத் திருப்பி விடுவிக்க வேண்டும்.

“உறை இல்லாவிட்டால் என்ன, இன்று ஒரு நாள்தானே” என்று சொல்லப்படும்போது தயங்காது மறுக்கலாம். 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து உண்டென நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதனை நீக்கத் தவறினால், அவ்விடத்தை விட்டு விலகலாம் என அது கூறுகிறது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பர் நம் முதியோர். குழியையும், மண்ணையும், டிராக்டரையும், உறையையும் பார்த்த பின்னரே விலையைப் பார்ப்போம். நட்ட கன்று பால் தரும் நாளில், அதனைச் சீவ நம் கைகளும் நலமாக இருத்தல் வேண்டும்.