விண்கலமும் நிலைக்கட்டுப்பாடும்

விண்ணிற் கலத்தைச் செலுத்துவோர் இரு வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். கலம் எவ்வழிச் செல்கின்றது என்பது ஒன்று. எத்திசையை நோக்கி நிற்கின்றது என்பது மற்றொன்று. முன்னையதை ஆள்வது வழிச்செலுத்தல். பின்னையதை ஆள்வது நிலைக்கட்டுப்பாடு. வண்டியும் தோணியும் பெரும்பாலும் தாம் நோக்கிய திசையிலேயே செல்லக் காண்கின்றோமாதலின், இவ்வேறுபாட்டை நாம் எளிதில் உணர்வதில்லை.

விண்வெளியிலோ சுழற்சியைத் தணிக்கக் காற்றில்லை. ஒருமுறை சுழலத் தொடங்கிய கலம், எதிர்த்திருப்பம் பெறும்வரை சுழன்றுகொண்டேயிருக்கும். ஆதலின், மூன்று அச்சுக்களைப் பற்றிய சுழற்சியைக் கைரோஸ்கோப் கருவிகள் அளக்கின்றன. சிறு உந்திகள் வாயுவை வெளியேற்றி அதனைத் தடுக்கின்றன.

இக்கட்டுப்பாடு பிழைப்பின் விளைவு யாது? 1966ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16ஆம் நாள், நீல் ஆம்ஸ்ரோங்கும் டேவிட் ஸ்கொற்றும் ஜெமினி 8 கலத்தை அஜீனா என்னும் ஆளில்லாக் கலத்துடன் இணைத்தனர். விண்ணில் இரு கலங்கள் இணைந்தது அதுவே முதன்முறை. அரைமணி நேரத்துள் அவை உருளத் தொடங்கின. குற்றம் அஜீனாவினது எனக் கருதி அதனைப் பிரித்தனர். சுழற்சி தணியவில்லை, மிகுந்து, செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு சுற்று என்னும் அளவை எட்டியது. உண்மையில், ஜெமினியின் உந்தியொன்றே மூடாது இயங்கிக்கொண்டிருந்தது. அஜீனா நீங்கியதும் சடத்துவத் திருப்பம் குறைந்தமையால், அதே விசை கலத்தை முன்னிலும் விரைவாகச் சுழற்றியது. வீரர்தம் கண்பார்வை மங்கும் வேளையில், ஆம்ஸ்ரோங் அவ்வுந்தித் தொகுதியை நிறுத்தி, பூமிக்கு மீள்வதற்கென வைத்திருந்த மற்றொரு தொகுதியாற் கலத்தை நிலைப்படுத்தினார். அதன் எரிபொருளிற் பெரும்பகுதி செலவாயினமையால், ஏவப்பட்டு 11 மணி நேரம் நிறையுமுன்னரே கலம் பசிபிக் கடலில் இறங்கிற்று.

இன்று இளைஞர் பொழுதுபோக்காகப் பறக்கவிடும் நான்கு விசிறி ட்ரோனும் இத்தத்துவத்தையே பின்பற்றுகின்றது. சிறு சில்லொன்றினுள் அதிரும் நுண்சடம் சுழற்சியை உணர்த்துகின்றது. இரு விசிறிகள் வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுழலும். ஒருபக்க விசிறிகளை விரைவாக்கின் ட்ரோன் மறுபக்கம் சாயும். வலஞ்சுழி விசிறிகளை விரைவாக்கி ஏனையவற்றைத் தணிப்பின், எதிர்த்தாக்கத்தால் உடல் இடஞ்சுழியாகத் திரும்பும். நுண்கணினி செக்கனுக்குப் பல நூறு முறை இவ்விசிறிகளின் வேகத்தைத் திருத்துகின்றது.

எனினும் மாணாக்கர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். ஜெமினியின் கருவிகள் சுழற்சியைக் காட்டின. குற்றம் எங்குள்ளது என்பதைக் காட்டவில்லை. முதலிற் கொண்ட கருத்துப் பிழையெனக் கண்டதும் அதனைக் கைவிட்டு வேறு வழி தேடிய தெளிவே இருவர் உயிரையும் காத்தது. அளத்தல் கருவியின் தொழில். ஆராய்ந்து துணிதல் மனிதன் கடன்.