‘கிஃப்ட்’ என்றால் பரிசு அல்ல!

சுவிஸில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மார்கழி. தொழிற்சாலைச் சாமான் அறையில் ஓர் இரும்பு அலுமாரி. கதவில் ‘கிஃப்ட்’ என்று எழுதியிருந்தது. ஊரில் படித்த அரைகுறை ஆங்கிலத்தை நம்பி, ‘நத்தார்ப் பரிசுகளாக்கும்’ என்று கதவில் கை வைத்தேன். கூட வேலை செய்த போர்த்துக்கீசர் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். தன் கழுத்தைத் தானே நெரித்துக் காட்டினார். அப்போதுதான் விளங்கியது: டொச் மொழியில் ‘கிஃப்ட்’ என்றால் நஞ்சு!

எழுத்துக் கூட்டல் ஒன்று, பொருள் வேறு. ஆனால் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. ஆங்கிலத்தில் ‘கிவ்’, டொச்சில் ‘கேபன்’. இரண்டுக்கும் பொருள் கொடுத்தல். அதிலிருந்து பிறந்த ‘கிஃப்ட்’ முன்னர் டொச்சிலும் கொடையையே குறித்தது. இன்றும் சீதனத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘மிட்கிஃப்ட்’.

கொடை எப்படி நஞ்சானது? கிரேக்கத்தில் ‘டோசிஸ்’ என்றால் கொடுத்தல். வைத்தியர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்துக்கும் அதுவே பெயர். நாங்கள் ‘ஒரு டோஸ்’ என்பதும் அதுதான். அந்தக் கருத்து டொச் சொல்லில் ஏறி, மருந்து மெல்ல மெல்ல நஞ்சாகியது. நாங்கள் மட்டும் என்ன? எலியைக் கொல்லும் நஞ்சை ‘எலிமருந்து’ என்றுதானே சொல்கிறோம்!

யாழ்ப்பாணக் கோட்டையை ஆண்ட ஒல்லாந்தரின் மொழியில் ‘கிஃப்ட்’ நன்கொடை. கடைசி எழுத்தை விட்டால் நஞ்சு. சுவீடன் மொழியில் அதே எழுத்துக்கள் நஞ்சையும் குறிக்கும், மணமானவரையும் குறிக்கும்! ஜெனீவா, லொசான் பக்கம் பேசும் பிரெஞ்சில் நஞ்சு ‘புவாசோன்’. அது ‘பானம்’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது.

புதிதாக வந்த குடும்பங்களே, இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. போத்தலில் ‘கிஃப்டிக்’ என்ற சொல்லோ, சிவப்புக் கரைக்குள் மண்டையோடோ இருந்தால் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். துப்புரவுத் திரவத்தைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 145ஐ அழையுங்கள். சூரிச்சில் 1966இல் தொடங்கிய நச்சு ஆலோசனை நிலையம் இரவு பகலாகப் பதில் சொல்லும். பிள்ளை மயங்கினால் 144, அம்புலன்ஸ்.

பிறந்தநாள் பரிசு வாங்கக் கடைக்குப் போனால் ‘கெஷெங்க்’ என்று கேளுங்கள். ‘கிஃப்ட்’ என்று கேட்டால் கடைக்காரி பயந்துபோவாள்!