ரெசின் கலை: அளவு சொல்லி விற்போம்!

ஹார்டுவேர் கடை நடத்தும் நமது வணிகர்களுக்கு அரால்டைட் புதிய சரக்கு அல்ல. இரண்டு டியூப்களையும் பிதுக்கிக் குழைத்து, உடைந்த பீங்கானில் தடவி ஒட்டுவது வீட்டுக்கு வீடு தெரிந்த வேலை. சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் 1946-ல் அறிமுகப்படுத்திய பசை அது. இந்தியாவில் அதன் வணிகத்தை 2020-ல் பிடிலைட் நிறுவனம் வாங்கியது.

இப்போது பெண்களும் மாணவர்களும் கேட்டு வரும் 'ஆர்ட் ரெசின்' அதே எபாக்சி குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அரால்டைட் ஒட்டுவதற்காகக் கெட்டியாகச் செய்யப்பட்டது. இது அச்சில் ஊற்றுவதற்காக நீர்க்கவும் தெளிவாகவும் செய்யப்பட்டது. சாவிக்கொத்து, பெயர்ப்பலகை, கடிகாரம், கல்யாண மாலைப் பூக்களைப் பதித்த நினைவுப் பொருள் என்று வீட்டிலிருந்தே செய்து விற்க முடிகிறது.

முதல் முயற்சி பிசுபிசுவென்று நின்றுவிட்டால், வாங்கியவர் மறுபடி கடைப்படி ஏறமாட்டார். "சரக்கு சரியில்லை" என்ற பேச்சும் பரவும். பெரும்பாலும் தவறு சரக்கில் இல்லை, அளவில்தான். ஆகவே, விற்கும் நாம் சில விவரங்களைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

எடை பார்த்துக் கலக்க வேண்டும்

ரெசின், ஹார்டனர் என்று இரண்டு பாட்டில்கள் வரும். கலவை விகிதம் 1:1, 2:1, 3:1 என்று தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அது எடைக் கணக்கா, கொள்ளளவுக் கணக்கா என்பதையும் லேபிளில் பார்க்க வேண்டும். எடைக் கணக்கில் 3:1 என்றால், 75 கிராம் ரெசினுக்கு 25 கிராம் ஹார்டனர்.

"ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும்" என்பது தவறான எண்ணம். இவ்வளவு ரெசினோடு இவ்வளவு ஹார்டனர்தான் இணையும். மிஞ்சியது இணையாமல் தங்கி, பொருளைக் காலமெல்லாம் பிசுபிசுப்பாக்கும்.

10 செ.மீ. விட்டமும் 5 மி.மீ. கனமும் உள்ள ஒரு கோஸ்டருக்குச் சுமார் 45 கிராம் கலவை போதும். ஓரத்தையும் அடியையும் வழித்து, மூன்று நான்கு நிமிடம் நிதானமாகக் கலக்க வேண்டும். வேகமாக அடித்தால் குமிழி விழும். இறுக ஒரு நாளும், முழுப் பலம் பெற மூன்று நாளுக்கு மேலும் ஆகலாம்.

பெயரைக் கேட்டு எடுத்துக் கொடுக்க வேண்டாம்

ஃபைபர் கிளாஸ் வேலைக்கு வரும் பாலியெஸ்டர் சரக்குக்கும் 'ரெசின்' என்றுதான் பெயர். அது வேறு, எபாக்சி வேறு. பாலியெஸ்டரின் காட்டமான நெடி வீட்டுக்குள் வைத்துச் செய்யும் வேலைக்கு ஏற்றதல்ல. அதற்கான கோபால்ட்டும் எம்.இ.கே.பி.யும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடித்து வெடிக்கக்கூடும். எபாக்சி கேட்டவருக்கு அதைக் கொடுப்பது பெரும் தவறு.

நம் ஊர் வெயிலும் மழையும்

பெரியகுளத்துச் சித்திரை வெயிலில், 40 நிமிடம் வேலை செய்ய அவகாசம் தரும் கலவை 20 நிமிடத்திலேயே கெட்டியாகிவிடலாம். கோடையில் காலை நேரத்தில் சிறிது சிறிதாகக் கலக்கச் சொல்ல வேண்டும். மீந்த கலவை டம்ளரில் மொத்தமாக நின்றால் தானே சூடேறிப் புகையும். பிளாஸ்டிக் டம்ளர் உருகும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் மேலே வெண்மையான படலம் படியலாம்.

மாலைப் பூவைப் பச்சையாகப் பதித்தால் பழுப்பேறி அழுகும். சிலிக்கா ஜெல்லில் புதைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே பதிக்க வேண்டும். மரத்துக்கும் இதுவே விதி. மாம்பழத்துக்குப் பேர் போன நம் ஊரில், மாமரப் பலகையில் ரெசின் ஊற்றி ஸ்டூல், கடிகாரம் செய்ய நினைப்பவர்கள் உண்டு. ஈரப்பலகை என்றால் குமிழி கிளம்பும், நாளடைவில் விரிசலும் விடும். நன்கு உலர்ந்த பலகையையே மரக்கடைக்காரர்கள் தர வேண்டும்.

உடல் நலம்

இறுகாத ரெசினும் ஹார்டனரும் தோலில் படப்பட அரிப்பும் கொப்புளமும் வரும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு சிறிது பட்டாலும் திரும்ப வரும். நைட்ரைல் கையுறை, காற்றோட்டமான இடம், குழந்தைகள் அண்டாத அறை இம்மூன்றும் கட்டாயம். தோலில் பட்டதைச் சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். தின்னர் போடக் கூடாது. பல ஆர்ட் ரெசின்கள் 50, 60 டிகிரிச் சூட்டிலேயே இளகும் என்பதால், கொதிக்கும் பாத்திரம் வைக்கவோ சாப்பாட்டுத் தட்டாகப் பயன்படுத்தவோ உதவாது.

கடையில் கவனிக்க வேண்டியவை

ரெசினை மட்டும் அடுக்காமல், சிலிகான் மோல்டு, சிறிய மின் தராசு, கையுறை, கலக்கும் குச்சி, நிறப்பொடி ஆகியவற்றையும் சேர்த்து வைத்தால் ஒரே வாடிக்கையாளரிடம் ஐந்து சரக்கு விற்கும். முதலில் அரைக் கிலோ, ஒரு கிலோ பேக்குகளாகக் கொள்முதல் செய்தால் போதும். நாள்பட்ட ஹார்டனர் மஞ்சளாகும். ஆகவே முதலில் வந்த சரக்கை முதலில் தள்ள வேண்டும். மளிகைச் சரக்கின் அருகில் வைக்கக் கூடாது.

பெரிய கேனிலிருந்து தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்பதை அறவே தவிர்க்க வேண்டும். குடித்துவிடும் ஆபத்து ஒருபுறம். மறுபுறம், பொட்டலமிடுபவர் பெயர், நிகர அளவு, விலை, மாதம், ஆண்டு முதலியவை இன்றி அடைத்து விற்பது 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டல விதிகளுக்கு முரணானது.

லேபிளில் உள்ள விகிதத்தை ஒரு தாளில் தமிழில் எழுதி, பில்லோடு சேர்த்துக் கொடுங்கள். அந்தத் தாளுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. அதைப் பார்த்துச் செய்தவருக்கு முதல் பொருள் நன்றாக அமைந்தால், அடுத்த கிலோவுக்கும் நம் கடைக்கே வருவார் என்பது திண்ணம்.