ஐயத்திற்குரிய கருவியும் ஐயமற்ற திறவுகோலும்

மறைபொருளைக் காத்தல் மனித இனத்தின் தொன்மையான தேவைகளுள் ஒன்று. முன்னர் அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் உரியதாயிருந்த இத்தேவை, வங்கிக் கணக்கும் மருத்துவக் குறிப்பும் கணிப்பொறி வழியே செல்லும் இந்நாளில் நம் அனைவர்க்கும் உரியதாகிவிட்டது.

1984-இல் சார்லஸ் பென்னட், ழீல் பிரசார் என்னும் அறிஞர் இருவர், செய்தியைப் பூட்டித் திறக்கும் இரகசியத் திறவுகோலை ஃபோட்டான் எனப்படும் ஒற்றை ஒளித்துகள்களின் வாயிலாகப் பகிரும் குவாண்டம் முறையை வகுத்தனர். துகளின் அதிர்வுத் திசையில் 0 அல்லது 1 பொதியப்படும். அதற்கென உள்ள இருவகை அச்சுகளுள் எதில் பொதியப்பட்டது என்பதை அறியாமல் இடையில் ஒருவன் அளந்தால், துகளின் நிலை மாறும்; பிழைகள் மிகும்; ஒற்றன் அகப்படுவான்.

இயற்கையின் விதியே இங்குக் காவல் நிற்கிறது. ஆயினும் விதியில் பழுதில்லை என்பதனால் கருவியிலும் பழுதில்லை என்று கொள்ளலாகுமா?

2010-இல் நார்வே நாட்டின் ட்ரோன்ஹைம் நகரில் பணியாற்றிய லார்ஸ் லிடெர்சன், வாடிம் மகரோவ் முதலியோர் இவ்வினாவிற்கு விடை கண்டனர். பெறுபவரின் உணர்கருவி மீது வலிய ஒளியைப் பாய்ச்சினால், அது ஒற்றைத் துகளை உணரும் ஆற்றலை இழக்கிறது. அதன்பின் ஒற்றன், தான் அளந்தறிந்த விடையை வலிய ஒளித்துடிப்பாக அனுப்புகிறான். பெறுபவர் அதே அச்சைத் தேர்ந்தால் மட்டுமே கருவி பதிவு செய்யும். வேறு அச்சாயின் ஒளி இருகூறாகி வலுக்குன்றுவதால் வாளாவிருக்கும். எனவே காட்டிக்கொடுக்கும் பிழை எழுவதில்லை. விற்பனையிலிருந்த இரு அமைப்புகள் இவ்வாறு ஏமாறக்கூடியவை என மெய்ப்பிக்கப்பட்டது. 2011-இல் சிங்கப்பூரில் ஆய்வாளர்கள் ஒரு திறவுகோல் முழுவதையும் கவர்ந்தே காட்டினர்.

ஓர் ஓட்டையை அடைத்தால் மற்றோர் ஓட்டை தோன்றலாம். எனவே 2012-இல் ஹோய்-குவோங் லோ, மார்க்கோஸ் கர்ட்டி, பிங் சி ஆகிய மூவர், உணர்கருவியை நம்பவே தேவையில்லாத முறையொன்றை முன்வைத்தனர். இதில் இருதரப்பாரும் துகள்களை அனுப்புவர். இடைநிலையம் ஒன்று அவற்றைச் சேர்த்து அளந்து, இரண்டும் ஒத்தனவா மாறுபட்டனவா என்பதை மட்டும் அறிவிக்கும். தம் எண்ணை அறிந்தவர்க்கு அதனால் மற்றவரின் எண் விளங்கும். இடைநிலையத்திற்கோ இரண்டும் விளங்கா. அந்நிலையம் ஒற்றனுடையதே ஆயினும் தீங்கில்லை. பொய்யுரைத்தால், மாதிரிக்கென ஒப்பிடும் எண்களில் பிழைகள் பெருகி அதனைக் காட்டிக்கொடுக்கும்.

2016-இல் சீன அறிவியலார் 404 கிலோமீட்டர் ஒளியிழையில் இம்முறையை நிகழ்த்திக் காட்டினர். ஆயினும் அனுப்பும் கருவிகளை நம்பவேண்டிய நிலை இதில் எஞ்சியே நிற்கிறது. எதனை நம்புகிறோம், அதனை ஏன் நம்புகிறோம் என்று தொடர்ந்து வினவுவதே அறிவியலின் நெறி. நம் மாணவச் செல்வங்கள் அந்நெறியைக் கைக்கொள்வார்களாக!