இடிக்கப்போகும் வீட்டுக்கு பளிங்குத் தரை! ரூ.4 லட்சம் மண்ணோடு மண்ணானது

வீட்டை விற்கும் முன் எதற்குச் செலவு செய்யலாம்? எதற்குக் கூடாது?

சென்னை:

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீடு. ஒரு கிரவுண்டு மனை. முன்னால் திண்ணை, பின்னால் கிணறு, மேலே மெட்ராஸ் டெரஸ் தளம்.

அப்பா கட்டிய வீடு. குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மூத்த மகன் அதில் குடியிருந்தார். மகளின் கல்யாணக் கடன் கழுத்தை நெரித்தது. தம்பிக்கும் பாகம் கொடுக்க வேண்டும். வீட்டை விற்க முடிவு செய்தார்.

"வீடு பளபளன்னு இருந்தாத்தான் நல்ல விலை போகும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

குமாஸ்தா அதை நம்பினார். கையில் மிச்சம் இருந்த ரூ.4 லட்சத்தை எடுத்தார். கூடத்தில் பளிங்குத் தரை, சமையலறையில் கிரானைட் மேடை, சுவர்களுக்கு இரண்டு கோட் பெயிண்ட். 2 மாதம் வேலை நடந்தது.

வீடு பார்க்க வந்தவர், அடுக்குமாடி கட்டி விற்பவர். அவர் வாசற்படி ஏறவில்லை. தெருவின் அகலத்தை டேப் பிடித்து அளந்தார். மனையின் நீள அகலம் என்ன, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார்.

"உள்ளே வந்து பாருங்க சார். புதுசா மார்பிள் போட்டிருக்கு!"

"எதுக்கு சார்? இடிக்கத்தானே போறோம்!"

குமாஸ்தாவின் முகத்தில் ஈயாடவில்லை. 4 லட்சத்துக்கு 4 ரூபாய்கூட கூடுதலாகக் கிடைக்கவில்லை.

மனைக்குத்தான் விலை

சென்னையில் பழைய தனி வீடு வைத்திருப்பவர்கள் பலரும் செய்கிற தப்பு இது. மாம்பலம், மயிலாப்பூர், நங்கநல்லூர் போன்ற இடங்களில் 40, 50 வருஷத்து வீட்டைப் பெரும்பாலும் மனைக்காகவே வாங்குகிறார்கள். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அந்த நிலத்துக்குத்தான் பேரம். கட்டடத்துக்கு ஏதோ பேருக்கு ஒரு தொகை.

தெருவை எதற்கு அளக்கிறார்கள்? எத்தனை மாடி கட்டலாம், எவ்வளவு பரப்பு கட்டலாம் என்பது தெருவின் அகலத்தையும் பொறுத்தது. தெரு அகலம் என்றால் மனைக்கு மதிப்பு. கூடத்துப் பளிங்கு இந்தக் கணக்கிலேயே வராது.

எனவே கொத்தனாரைக் கூப்பிடும் முன் புரோக்கரைக் கூப்பிட வேண்டும். ஒருவர் அல்ல, இரண்டு மூன்று பேர். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்:

"இந்த வீட்டை வாங்குறவங்க இடிப்பாங்களா, குடி வருவாங்களா?"

இடிப்பார்கள் என்றால் ஒரு பைசாகூட செலவு செய்யக் கூடாது.

தேக்கு மரம் யாருக்கு?

இடிக்கிற வீட்டிலும் காசு உண்டு. பழைய வீட்டுக் கதவு, ஜன்னல், தூண், உத்திரம் எல்லாம் தேக்காக இருக்கும். பர்மா தேக்கு என்றால் கேட்கவே வேண்டாம். வீடு இடிக்கும் காண்டிராக்டர்கள் இதற்குப் பணம் கொடுத்து எடுத்துக்கொள்வார்கள்.

இந்த மரம் விற்பவருக்கா, வாங்குபவருக்கா என்பதை அக்ரிமெண்டிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாவிட்டால் வீட்டோடு சேர்ந்து போய்விடும். பிறகு கேட்டால் சண்டைதான் மிச்சம்.

குடி வருபவர் என்றால்...

பிளாட், அல்லது கட்டி 10, 15 வருஷமான தனி வீடு. இதை வாங்குபவர் குடும்பத்தோடு குடி வருவார். இங்கே கொஞ்சம் செலவு செய்வது லாபம். ஆனால் எதில் செலவு என்பதுதான் விஷயம்.

முதல் வேலை, ஒழுகும் தளம். மாடியில் தட்டோடு பெயர்ந்திருந்தால் சரி செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் இறங்கிய ஈரக்கறையைப் பார்த்தால், வாங்க வந்தவர் ஆயிரத்தில் குறைக்க மாட்டார், லட்சத்தில் குறைப்பார்.

அடுத்து சொட்டும் குழாய், அடைத்த சாக்கடை, எரியாத விளக்கு, உடைந்த சுவிட்ச், இழுத்தால் முனகும் கதவு. 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழியில் குப்பை இருந்தால் வாரிவிட வேண்டும். ஒரு பிளம்பர், ஒரு எலெக்ட்ரீஷியன், ஒரு தச்சர், சில நாள் கூலி. அவ்வளவுதான்.

கடைசியில் வெளிர் நிறத்தில் ஒரு பெயிண்ட். வேண்டாத சாமான்களைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பினால் சின்ன அறையும் பெரிதாகத் தெரியும். இதற்குச் செலவே இல்லை, பணம்தான் வரும்!

இதெல்லாம் வேண்டாம்

லட்சக்கணக்கில் மாடுலர் கிச்சன், பால்ஸ் சீலிங், வாஸ்துவுக்காக வாசலை மாற்றுவது – இவற்றில் கை வைக்கக் கூடாது. ஒருவர் ரசனை இன்னொருவருக்குப் பிடிக்காது. வாங்கியவர் மறுமாதமே பெயர்த்துப் போடுவார்.

அனுமதி வாங்காமல் மாடியில் ஓர் அறை எழுப்புவது அதைவிட மோசம். வாங்குபவர் பாங்கில் கடன் கேட்பார். பாங்க் ஆள் வந்து அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்பார். படத்தில் இல்லாத அறை கட்டடத்தில் இருந்தால் கடன் இழுபறிதான்.

சங்கத்தில் 'இடித்துக் கட்டலாம்' என்று பேச்சு அடிபடும் பழைய பிளாட்டாக இருந்தால், உள்ளே செலவு செய்யவே வேண்டாம்.

ஈரச் சுவருக்கு மேல் பெயிண்ட் அடித்து மறைக்கும் கில்லாடிகளும் உண்டு. வாங்க வருபவர் கூடவே ஒரு மேஸ்திரியை அழைத்து வருவார். அவர் விரலால் சுவரைத் தட்டினால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு பொய் அகப்பட்டால், சொன்ன மற்ற உண்மைகளையும் நம்ப மாட்டார்கள்.

காகித ரிப்பேர்

எந்த வீடாக இருந்தாலும் கட்டாயம் செய்ய வேண்டிய ரிப்பேர் ஒன்று உண்டு. அது பீரோவில் இருக்கிறது.

மூலப் பத்திரம் இருக்கிறதா? பட்டா யார் பெயரில்? வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் ஏதாவது தெரிகிறதா? சொத்து வரி, தண்ணீர் வரி ரசீது எங்கே? அப்பா பெயரில் வீடு இருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். பாங்க் வக்கீல் கேட்கும்போது தேட ஆரம்பித்தால் மாதங்கள் ஓடிவிடும். வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துப் போய்விடுவார்.

செலவு செய்தவர்கள் பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும். 24 மாதங்களுக்கு மேல் கைவசம் இருந்த வீட்டை விற்றால், லாபத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி உண்டு. வீட்டை மேம்படுத்திய செலவுக்கு ரசீது இருந்தால் அதை லாபத்தில் கழிக்க வழி உண்டு. ஆனால் சாதாரண வெள்ளையடிப்பும் சில்லறை ரிப்பேரும் இந்தக் கணக்கில் வராது. ஆடிட்டரை ஒரு தடவை பார்ப்பது நல்லது.

அண்ணன்–தம்பி தகராறு

பங்காளிகள் இருக்கும் வீட்டில் செலவுக்கு முன்பே எல்லோரிடமும் கேட்டு, யார் எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும்.

மாம்பலம் குமாஸ்தா அதைச் செய்யவில்லை. விற்ற பணத்தில் 4 லட்சத்தைக் கழித்துக்கொண்டு மீதியைப் பங்கு போடலாம் என்றார். தம்பி ஒப்பவில்லை.

"இடிக்கிற வீட்டுக்கு மார்பிள் போடச் சொன்னது யாரு அண்ணா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அண்ணனால் பதில் சொல்ல முடியவில்லை.

பட்டாவும் இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தது. அதை மாற்றி முடிக்கும்வரை கிரயம் தள்ளிப்போனது. அத்தனை மாதமும் கல்யாணக் கடனுக்கு வட்டி கட்டினார் அண்ணன்.

ஒரு வழியாகப் பத்திரம் பதிவானது. இடிக்கும் ஆட்கள் வந்தார்கள். தேக்குக் கதவுகளைப் பதமாகக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். சிமெண்டில் ஒட்டிய பளிங்கை யாரும் கழற்றவில்லை.

கடப்பாரைதான் போட்டார்கள். தெருமுனையில் நின்ற குமாஸ்தாவின் காதில் அந்தச் சத்தம் விழுந்தது.