முதல் வளர்ப்புப் பாம்பைத் தேர்ந்தெடுத்தல்

முதல் வளர்ப்புப் பாம்பைத் தேர்ந்தெடுத்தல் என்பது, பாம்பு வளர்ப்பில் முன்பழக்கம் இல்லாத ஒருவர் தமக்கு ஏற்ற பாம்பினத்தையும் அவ்வினத்தில் நலமான ஒரு பாம்பையும் தெரிவு செய்வதைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் பாம்பு வளர்ப்பு பரவலான பொழுதுபோக்காகும். அங்கு எழுதப்பட்ட கையேடுகள் பாம்பின் அளவு, குணம், உணவு ஆகியவற்றிலிருந்து தொடங்குகின்றன. இந்தியாவில் இத்தெரிவு சட்டத்திலிருந்து தொடங்க வேண்டியுள்ளது. வயலிலும் வீட்டுக் கொல்லையிலும் எளிதில் கிடைக்கும் பாம்பு எதுவாயினும் அதனை வளர்க்க இங்கு இசைவு இல்லை. வளர்க்கக்கூடியவை வெளிநாட்டு இனங்கள் மட்டுமே. அவற்றுக்கும் ஆவணங்கள் தேவை.

உள்நாட்டுப் பாம்புகள்

கடலூர் மாவட்டத்தில் கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையில் அமைந்துள்ள மேல்பட்டாம்பாக்கம் போன்ற ஊர்களில் பாம்பு அரிய உயிரினம் அன்று. நெல்லும் கரும்பும் விளையும் இடத்தில் எலி மிகும். எலி மிகுந்த இடத்தில் சாரைப்பாம்பும் நல்லபாம்பும் இருக்கும். ஏரி, வாய்க்கால் ஓரங்களில் தண்ணீர்ப் பாம்பும், மரங்களில் கொம்பேறி மூக்கனும் பச்சைப்பாம்பும், தளர்ந்த மண்ணில் மண்ணுளிப் பாம்பும் வாழ்கின்றன. தென்பெண்ணையாற்றில் வெள்ளம் வரும்போது பாம்புகள் மேடான இடம் தேடி வீடுகளுக்குள் புகுவதுண்டு. 2024 திசம்பர் மாதத்தில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் கடலூர் மாவட்டம் கண்டது அத்தகைய ஒரு பெருவெள்ளமாகும்.

இவ்வாறு கிடைத்த சிறு பாம்பைப் புட்டியிலோ தொட்டியிலோ இட்டு வளர்க்கும் விருப்பம் மாணவர்களிடையே இயல்பாக எழுவது. இதில் இரண்டு இடர்கள் உள்ளன. முதலாவது, இனத்தைத் தவறாக அறிவது. நஞ்சற்ற ஓநாய்ப் பாம்பும் கொடிய நஞ்சுடைய கட்டுவிரியனும் முதற்பார்வையில் ஒன்று போலத் தோன்றும். கட்டுவிரியனின் வெண்பட்டைகள் மெல்லியவை, பெரும்பாலும் இரட்டையாக அமைந்தவை. கழுத்தையடுத்த பகுதியில் மங்கியோ இல்லாமலோ இருந்து, வால் நோக்கித் தெளிவாகும். ஓநாய்ப் பாம்பில் பட்டைகள் கழுத்திலேயே தெளிவாகத் தொடங்கி வால் நோக்கி மங்கும். ஆயினும் குட்டிகளிலும் சட்டை உரிக்கும் நிலையிலுள்ள பாம்புகளிலும் இவ்வேறுபாடு புலப்படாமல் போகலாம். கட்டுவிரியனின் கடியில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரிவதில்லை என்பதால் கடிபட்டவர் காலம் கடந்தே மருத்துவமனைக்குச் செல்கிறார். உடலில் கரும்புள்ளிகள் கொண்ட ஒரு வகை மண்ணுளிப் பாம்பும் மலைப்பாம்புக் குட்டியும் கண்ணாடி விரியனோடு குழப்பிக்கொள்ளப்படுவதும் இவ்வாறே.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்ததாக 2020 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. இந்தியாவில் தயாரிக்கப்படும் நச்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிரானது. எனவே நஞ்சுள்ள வெளிநாட்டுப் பாம்பு ஒன்று கடித்தால் அதற்குரிய மருந்து நாட்டில் கிடைப்பது அரிது. தொடக்கநிலையினருக்கு நஞ்சுள்ள பாம்பு எதுவும் ஏற்றதன்று என்பதில் வளர்ப்போரிடையே கருத்து வேறுபாடு இல்லை.

இரண்டாவது இடர் சட்டம் சார்ந்தது.

சட்ட நிலை

1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் (பாதுகாப்பு) சட்டம் வேட்டையாடுதல் என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் உயிருடன் பிடித்தலும், பிடிக்க முயல்தலும் அடங்கும். ஆகவே சாரைப்பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பவர் அதனை அன்புடன் பேணினார் என்பது குற்றத்திலிருந்து விலக்கு அளிக்காது. மலைப்பாம்பு போன்று முதல் பட்டியலில் உள்ள விலங்குகள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படும். இருதலை மணியன் எனப்படும் செம்மண்ணுளிப் பாம்பு பல இலட்சம் ரூபாய் பெறும் என்ற வதந்தியை நம்பி அதனைப் பிடித்து விற்க முயன்று சிறை சென்றோர் தமிழ்நாட்டில் பலர். அப்பாம்பின் மழுங்கிய வால் தலை போலத் தோன்றுவதே அப்பெயருக்குக் காரணம். அதற்கு இரண்டு தலைகளும் இல்லை, மருத்துவப் பயனும் இல்லை.

பாம்பு பிடிப்பதைக் குலத்தொழிலாகக் கொண்ட இருளர்களும் இச்சட்டத்துக்கு உட்பட்டவர்களே. பாம்புத்தோல் வணிகம் தடை செய்யப்பட்ட பின், ரோமுலசு விட்டேக்கர் முதலியோரின் முயற்சியால் 1978 இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கத்தினர் வனத்துறையின் இசைவுடன் பாம்புகளைப் பிடித்து, நஞ்சு எடுத்தபின் மீண்டும் காட்டில் விடுகின்றனர். தலைமுறை தலைமுறையாகப் பாம்பை அறிந்தவர்களுக்கே உரிமம் தேவைப்படும் ஒரு செயலை, ஆர்வம் மட்டும் கொண்டு செய்ய முடியாது.

வெளிநாட்டுப் பாம்புகளின் நிலை வேறானது. நெடுங்காலம் இவை எச்சட்டத்திலும் தெளிவாக இடம்பெறவில்லை. 2020 சூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் தாமே முன்வந்து அறிவிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பின்னர் 2022 இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில், அழிவுறும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்படிக்கையில் இடம்பெற்ற உயிரினங்கள் நான்காம் பட்டியலாகச் சேர்க்கப்பட்டன. (திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் நான்காம் பட்டியல் என்பது உள்நாட்டுச் சிற்றுயிர்களைக் குறிக்கும், பழைய நூல்களைப் படிப்போர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளல் ஆகாது.) 2024 பெப்ரவரியில் வெளியான விதிகளின்படி, இப்பட்டியலிலுள்ள உயிருள்ள விலங்கைப் பெறுபவர் 30 நாட்களுக்குள் பரிவேசு என்னும் அரசு இணையவாசல் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். கைமாற்றுதல், குட்டி பொரித்தல், இறப்பு ஆகியவையும் தெரிவிக்கப்பட வேண்டியவை.

மலைப்பாம்புக் குடும்பம் முழுவதும் மேற்கண்ட உடன்படிக்கையில் அடங்கும். எனவே பந்து மலைப்பாம்புக்குப் பதிவு கட்டாயம். சோளப் பாம்பு உடன்படிக்கையில் இல்லை. ஆயினும் அது முறைப்படி இறக்குமதியான பாம்பா, அல்லது அவ்வாறு வந்தவற்றின் வழித்தோன்றலா என்ற வினா எஞ்சி நிற்கும். இவ்வினா வெற்றுக் கற்பனை அன்று. 2023 சனவரியில் சென்னை வானூர்தி நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து உரிமை கோரப்படாமல் கிடந்த பெட்டிகளில் 45 பந்து மலைப்பாம்புகளும் 8 சோளப் பாம்புகளும் பிற விலங்குகளுடன் கண்டெடுக்கப்பட்டன. துணிப்பைகளில் கட்டப்பட்டுப் பயணப்பெட்டியில் வரும் பாம்புகளில் பல வழியிலேயே இறக்கின்றன. எஞ்சியவை நோயுடன் விற்பனைக்கு வருகின்றன. மலிவான விலையில், ஆவணமின்றிக் கிடைக்கும் பாம்பு இவ்வகையினதாக இருக்க வாய்ப்பு மிகுதி.

ஏற்ற இனங்கள்

பந்து மலைப்பாம்பு மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அச்சமுறும்போது தலையை உள்ளே வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்வதால் இப்பெயர் பெற்றது. பெண் பாம்பு 1.2 முதல் 1.5 மீட்டர் வரையும் ஆண் சற்றுக் குறைவாகவும் வளரும். மெதுவாக நகர்வது, கடிப்பது அரிது. இதன் பெருங்குறை உண்ணாநோன்பு: நலமாக உள்ள பாம்பே சில மாதங்கள் இரையைத் தொடாமல் இருக்கும். இதனை அறியாதவர்கள் அஞ்சி, வாயைத் திறந்து இரையைத் திணித்துப் பாம்பைக் கொன்றுவிடுகின்றனர். பல நிற வகைகள் வளர்ப்பில் உருவாக்கப்பட்டுள்ளன. அவற்றுள் சிலந்தி எனப்படும் வகைக்குத் தலை நடுங்கும் நரம்புக் குறைபாடு மரபணுவோடு வருகிறது. அழகு கருதி அதனை வாங்குதல் முறையன்று.

சோளப் பாம்பு ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. 1 முதல் 1.5 மீட்டர் நீளமும் மெலிந்த உடலும் கொண்டது. செம்மஞ்சள் நிறத் திட்டுகளை உடையது. இரையைத் தயங்காமல் உண்பது இதன் சிறப்பு. சுறுசுறுப்பானது, கூண்டின் சிறு இடைவெளியிலும் நுழைந்து தப்பிவிடும். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த கிங் பாம்பு, பால் பாம்பு ஆகியனவும் தொடக்கநிலையினருக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. இவை பிற பாம்புகளைத் தின்னக்கூடியவை ஆதலால் தனித்தே வைக்கப்பட வேண்டும். கிங் பாம்புக்கும் இந்தியாவின் நஞ்சுள்ள இராசநாகத்துக்கும் தொடர்பில்லை.

கைக்கு அடங்கும் குட்டியாக விற்கப்படும் பர்மிய மலைப்பாம்பு 4 மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. அதனை முதல் பாம்பாகக் கொள்ளுதல் தவறு.

தட்பவெப்பமும் இனத் தெரிவும்

வெளிநாட்டுக் கையேடுகள் வெப்ப விளக்கு, வெப்பப் பாய் ஆகியவற்றைப் பற்றி நெடிதாகப் பேசும். கடலூர், சிதம்பரம் பகுதியில் சிக்கல் நேர்மாறானது. பந்து மலைப்பாம்புக்குக் கூண்டின் ஒரு முனையில் 31 முதல் 33 பாகை செல்சியசும் மறுமுனையில் 26 பாகை அளவும் தேவை. சோளப் பாம்புக்கு வெப்பமான முனையே 29 பாகை அளவில் இருந்தால் போதும், குளிர்ந்த முனை 24 பாகை இருப்பது நன்று. அக்கினி நட்சத்திர நாட்களில் ஓட்டு வீட்டின் அல்லது காங்கிரீட்டுக் கூரையின் கீழுள்ள அறை 35 பாகையைத் தாண்டும். அப்போது பாம்புக்கு ஒதுங்கக் குளிர்ந்த முனையே இராது. பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே குறைக்க இயலாத உயிரி. எனவே இப்பகுதியில் கூண்டை எந்த அறையில், எந்தச் சுவரை ஒட்டி வைப்பது என்பது விளக்கு வாங்குவதைவிட முதன்மையானது. கிழக்கு அல்லது வடக்குப் பக்கத்துத் தரைத்தள அறை, உள்ளே ஈரமான பாசியிட்ட மண்கலம், பாம்பு முழுவதும் அமிழக்கூடிய நீர்த்தொட்டி ஆகியவை உதவும். வெயிலின் கீழுள்ள கண்ணாடித் தொட்டி சிறிது நேரத்தில் பாம்பைக் கொன்றுவிடும்.

கடலோரக் காற்றின் ஈரப்பதம் பந்து மலைப்பாம்பின் சட்டை உரிப்புக்கு நன்மையானது. ஆனால் காற்றோட்டமில்லாத பெட்டியில், குறிப்பாக வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அடித்தளம் நனைந்து வயிற்றுச் செதில்கள் அழுகும். இவற்றைக் கருதும்போது, வெயில் மிகுந்த வீட்டுக்குப் பந்து மலைப்பாம்பும், கோடையில் குளிர்ந்த அறை ஒன்றை உறுதி செய்யக்கூடிய வீட்டுக்குச் சோளப் பாம்பும் பொருந்தும் எனலாம். குளிரூட்டியை மட்டும் நம்புவது இப்பகுதியில் அறிவுடைமை ஆகாது. 2011 திசம்பர் 30 இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலுக்குப் பின் பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று.

உணவு

பாம்பு ஊன் மட்டும் உண்பது. பால் அதன் உணவன்று. புற்றில் பால் வார்க்கும் வழக்கம் வழிபாட்டைச் சார்ந்ததே ஒழிய உணவூட்டலைச் சார்ந்ததன்று. வளர்ப்புப் பாம்புக்கு அதன் உடலின் பருமனான பகுதியின் அளவுள்ள வெள்ளெலி தரப்படுகிறது. குட்டிக்கு வாரம் ஒருமுறையும், வளர்ந்ததற்கு இரண்டு வாரங்களுக்கு ஒருமுறையும் போதும். உயிருள்ள எலி பாம்பைக் கடித்துப் புண்ணாக்கும் என்பதால், கொன்று உறையவைத்து மீண்டும் வெதுவெதுப்பாக்கிய எலியே விரும்பத்தக்கது. வயலில் பிடித்த எலி கூடாது. அதில் ஒட்டுண்ணிகளும், வயலில் வைத்த எலி மருந்தும் இருக்கக்கூடும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் எலி வைப்பதற்குக் குடும்பத்தினர் உடன்படுவார்களா என்பது பாம்பு வாங்கும் முன்னரே கேட்கப்பட வேண்டிய கேள்வி. சைவக் குடும்பங்களில் பாம்பு வளர்ப்பு இந்த ஒரு காரணத்தாலேயே நின்றுபோகலாம்.

தனிப்பாம்பைச் சோதித்தல்

காட்டில் பிடிக்கப்பட்டதைத் தவிர்த்து, வளர்ப்பில் பிறந்து குறைந்தது சில முறை இரை உண்ட குட்டியையே பெற வேண்டும். விற்பவர் தம் முன்னிலையில் இரை கொடுத்துக் காட்டுவது சிறந்த சான்று. கண்கள் தெளிவாக இருத்தல் வேண்டும். சட்டை உரிக்கும் முன் அவை நீலம் பாய்ந்து மங்குவது இயற்கை. வாயில் குமிழி, மூச்சில் சீறலொலி, தலையை உயர்த்தியே வைத்திருத்தல் ஆகியவை நுரையீரல் நோயின் அறிகுறிகள். நீர்த்தொட்டியில் கரும்புள்ளிகள் மிதந்தால் அவை உண்ணிகளாக இருக்கலாம். கையில் எடுக்கும்போது பாம்பு தளர்ந்து தொங்காமல் விரல்களைப் பற்றிச் சுற்ற வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு வாரம் அதனைத் தொடாமலும், இரை உண்டபின் இரண்டு நாட்கள் கையாளாமலும் விடுதல் நன்று. பாம்பு நாயைப் போல வளர்ப்பவரிடம் பற்றுக் கொள்வதில்லை. கையாளப்படுவதைப் பொறுத்துக்கொள்ளப் பழகுகிறது, அவ்வளவே. ஊர்வன சால்மோனெல்லா நுண்ணுயிரைச் சுமப்பதால் தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் கட்டாயம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பாம்பைத் தொடாதிருப்பது நல்லது. ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் சிற்றூர்களில் அரியர். கடலூர் வட்டாரத்தினர் புதுச்சேரியிலோ சென்னையிலோ உள்ள கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளை நாட வேண்டியிருக்கும்.

வளர்க்க இயலாத நிலை

சோளப் பாம்பு 15 முதல் 20 ஆண்டுகளும், பந்து மலைப்பாம்பு 30 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடியவை. பதினைந்து வயதில் பாம்பு வாங்கும் மாணவர் மேற்படிப்பு, வேலை, திருமணம் என ஊர் மாறும்போதும் அது உயிருடன் இருக்கும். அவ்வாறு வளர்க்க இயலாமற்போனால் பதிவை மாற்றி வேறொருவரிடம் ஒப்படைக்கலாம், அல்லது வனத்துறையை அணுகலாம். ஏரிக்கரையில் விடுதல் கூடாது. ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்ப்பிலிருந்து விடப்பட்டும் தப்பியும் சென்ற பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்சு சதுப்புநிலத்தில் பெருகி, அங்குள்ள முயல், ரக்கூன் போன்ற பாலூட்டிகளைப் பெரிதும் குறைத்துவிட்டன. அவற்றைத் தேடிப் பிடிக்க 2017 இல் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். இருவருக்கும் 2023 இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.