ரத்தம் சொல்லும் சேதி – 11: சிவந்துபோன சீரம்

பனவடலிசத்திரம் பஸ் ஸ்டாப்பில் தெரிந்த அண்ணாச்சி ஒருவரைப் பார்த்தேன். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். விலக்கிக் காட்டினார்: தாடைக்குக் கீழே நெல்லிக்காய் பருமனில் நெறி கட்டியிருந்தது.

"சதை எடுத்துப் பாத்தாச்சு தம்பி. லிம்போமாங்காவ. ரத்தத்துல என்னமோ ஒண்ணு ஆயிரத்துக்கு மேல இருக்காம். அப்போ நம்ம கதை முடிஞ்சுதா?"

லிம்போமா என்றால் நெறிகளில் வரும் புற்றுநோய். மஞ்சப்பையிலிருந்து ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். எல்.டி.எச். 1,140. அந்த லேபின் கணக்கில் 250-க்குள் இருந்தால் சரி. ஆனால் தாளின் அடியில், பொடி எழுத்தில், 'சாம்பிள் ஹீமோலைஸ்டு' என்று இருந்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இருபது வருஷம் லேபில் நின்றவன் என்பதால் அந்த ஒரு வரி என்னை உறுத்தியது. எல்.டி.எச். எல்லா உயிரணுக்களிலும் இருக்கும் நொதி. வேகமாகப் பெருகும் கட்டியில் அணுக்கள் செத்து உடையும்போது அது ரத்தத்தில் கசியும். அதனால் அளவு கூடினால் நோயின் பாரம் கூடுதல் என்று கொள்கிறார்கள். சிவப்பணுவுக்குள்ளும் அதே நொதி, சீரத்தில் இருப்பதைப்போல நூறு மடங்குக்கும் மேலாக இருக்கிறது. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ, பிரிக்காமல் வெயிலில் பஸ் ஏற்றி அனுப்பினாலோ சிவப்பணு உடைந்துவிடும்; அதைத்தான் 'ஹீமோலைஸ்டு' என்கிறார்கள். வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்க வேண்டிய சீரம், நன்னாரி சர்பத் கலந்த தண்ணீர்போலச் சிவக்கும். சிவப்பணு சிந்திய நொதியையும் சேர்த்துத்தான் மெஷின் எண்ணுகிறது. சரி, ஐஸில் வைத்து அனுப்பலாமே என்றால், குளிரில் இந்த நொதியின் சில வகைகள் வீரியம் இழந்துவிடும்.

மறுபடி எடுக்கச் சொன்னேன். உடனே பிரித்துப் பார்த்ததில் 410. கூடுதல்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 1,140 இல்லை.

இந்த எண்ணைத் தனியாக வைத்து எந்த டாக்டரும் முடிவு சொல்வதில்லை. வேகமாக வளரும் லிம்போமாக்களுக்காக 1993-ல் வகுத்த ஐ.பி.ஐ. கணக்கில் ஐந்து கேள்விகள்: வயது 60-ஐத் தாண்டியதா, நோய் எந்த நிலை, எல்.டி.எச். கூடியதா, ஆள் நடமாட்டமாக இருக்கிறாரா, நெறிகளுக்கு வெளியே எத்தனை இடத்தில் பரவியிருக்கிறது. ஐந்தில் ஒன்றுதான் ரத்தம். ஹாட்ஜ்கின் வகைக்கு 1998-ல் வந்த கணக்கில் ஏழுக்கு நான்கு ரத்தத்திலிருந்தே: அல்புமின், ஹீமோகுளோபின், வெள்ளையணு, லிம்போசைட். நான்கும் சாதாரணச் சோதனைகள்தான்.

அண்ணாச்சிக்கு நான் முக்கியமாகச் சொன்னது வேறு. 1993-ல் மிக மோசமான பிரிவில் ஐந்து வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 26 சதவீதம். அப்போது ரிட்டுக்சிமாப் இல்லை. அந்த மருந்து வந்தபின் 2007-ல் கனடாவில் திரும்பக் கணக்குப் போட்டார்கள். அந்த ஐந்து கேள்விகளில் மூன்றோ அதற்கு மேலோ பாதகமாக உள்ளவர்களிலும் நான்கு வருஷத்தில் 55 சதவீதம் பேர் இருந்தார்கள். அதே வருஷம் ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 'ரெடிடக்ஸ்' என்ற பெயரில் அதற்கு இணையான மருந்தைக் குறைந்த விலையில் இறக்கியது.

"அப்போ மருந்து கேக்குமா தம்பி?"

"அதை ரெண்டு மூணு ஊசிக்கு அப்புறம் ஸ்கேன் சொல்லும் அண்ணாச்சி. ஊசியை மட்டும் ஒண்ணுகூடத் தள்ளிப்போடாதீங்க."

சங்கரன்கோவில் பஸ் வந்தது. புது ரிப்போர்ட்டை மேலே வைத்து, பழையதை அதற்கடியில் மடித்துச் செருகிக்கொண்டு ஏறினார்.

(தொடரும்)